சிமுலேஷனில் ஹீட்டர் 17 யூனிட், மீட்டரில் 60: சூரிய வெந்நீர் மாதிரியில் எதை விட்டுவிட்டேன்?

கதிரவன்_கோவை

வணக்கம். கோவைக்கு அருகே ஒரு மகளிர் விடுதியின் சூரிய வெந்நீர் அமைப்பை டிரான்சிஸ் (TRNSYS) என்ற சிமுலேஷன் மென்பொருளில் மாதிரியாக்கி வருகிறேன். மொட்டை மாடியில் தட்டைக் கலெக்டர்கள் 20, ஒவ்வொன்றும் 2 சதுர மீட்டர். பம்ப் வைத்துச் சுற்றும் அமைப்பு. 3000 லிட்டர் சூரியத் தொட்டி, அதற்கடுத்து மின்சார ஹீட்டர் உள்ள 500 லிட்டர் தொட்டி. ஹீட்டரை 50 டிகிரிக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாளைக்கு 3000 லிட்டர், 25 டிகிரியிலிருந்து 50 வரை சூடாக்க வேண்டும் என்றால் சுமார் 87 யூனிட் வெப்பம் தேவை. ஆண்டுச் சராசரியாக ஹீட்டர் நாளைக்கு 17 யூனிட்தான் எடுக்கும், மீதி 80 விழுக்காட்டை வெயிலே கொடுத்துவிடும் என்று சிமுலேஷன் சொல்கிறது. ஆனால் ஹீட்டருக்கென்று தனியாக இருக்கும் மின் மீட்டர் காட்டும் சராசரி நாளைக்கு 60 யூனிட்டை ஒட்டி இருக்கிறது.

கலெக்டர் சோதனை அறிக்கையில் உள்ள எண்களைத்தான் போட்டிருக்கிறேன். வானிலைக் கோப்பு மணிக்கணக்கில் இருப்பதால் டைம் ஸ்டெப்பும் (மாதிரி ஒரு தடவை கணக்கிடும் நேர இடைவெளி) ஒரு மணி நேரம். நிர்வாகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். கலெக்டரின் வெப்ப இழப்புக் குணகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அப்படிச் செய்து கொடுக்கலாமா?

மீனா_வெப்பவியல்

கதிரவன், அதை மட்டும் செய்யாதீர்கள். எந்த எண்ணைத் திருகினாலும் ஆண்டுக்கு ஒரு மொத்தத் தொகையை எட்டிவிடலாம். கலெக்டரைக் கெடுத்தாலும் 60 வரும், தொட்டியின் இன்சுலேஷனைக் கெடுத்தாலும் வரும், வெயிலைக் குறைத்தாலும் வரும். மூன்றில் எது உண்மை என்று அந்த 60 சொல்லாது. நாளைக்கு நிர்வாகம் "இன்னும் பத்து கலெக்டர் போட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால் இந்த மூன்று மாதிரிகளும் மூன்று பதில் தரும்.

முதலில் சின்னப் பரிசோதனைகள். டிரான்சிஸ் வெப்பத்தை வாட்டில் வாங்காது, மணிக்கு கிலோஜூல் என்ற அலகில்தான் வாங்கும். ஒரு வாட் என்பது மணிக்கு 3.6 கிலோஜூல். டிரான்சிஸில் ஒவ்வொரு பாகத்துக்கும் டைப் என்று எண்ணிட்ட ஒரு மாதிரி உண்டு; கலெக்டருக்கான டைப் 1-இல் முதல் இழப்புக் குணகத்துக்கு மென்பொருளே போட்டுவைத்திருக்கும் எண் 13. வாட்டில் சொன்னால் அது சுமார் 3.6. சோதனை அறிக்கையில் 3.8 என்று இருப்பதைப் பார்த்து அப்படியே 3.8 என்று தட்டினால், உலகத்தில் இல்லாத அருமையான கலெக்டர் கிடைத்துவிடும். அதைப் பாருங்கள்.

இரண்டாவது, திறன் எந்தப் பரப்புக்கு எழுதப்பட்டது? கலெக்டரின் வெளிச்சட்டம் வரையான மொத்தப் பரப்பா, கண்ணாடி வழியே வெளிச்சம் நுழையும் பரப்பா? கலெக்டர் சோதனைக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 9806-இன் 2017 பதிப்பு மொத்தப் பரப்பை வைத்துப் பேசுகிறது. பழைய ஐரோப்பிய அறிக்கைகள் பலவற்றில் வெளிச்சம் நுழையும் பரப்புதான். அந்தத் திறனை எடுத்து 40 சதுர மீட்டரால் பெருக்கினால் எட்டு, பத்து விழுக்காடு சும்மா கூடிவிடும்.

மூன்றாவது, திறன் சமன்பாடு நுழையும் நீரின் வெப்பநிலைக்கா, சராசரி வெப்பநிலைக்கா? அமெரிக்க வழக்கம் நுழையும் நீர், ஐரோப்பிய வழக்கம் சராசரி. டைப் 1-இல் இதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது.

அப்புறம், தொட்டி நிமிர்ந்து நிற்கிறதா, படுத்திருக்கிறதா?

கதிரவன்_கோவை

நன்றி மேடம். குணகம் 13.7 என்றுதான் போட்டிருக்கிறேன், அலகு சரி. அறிக்கை மொத்தப் பரப்புக்கானது, தேர்வும் சராசரி வெப்பநிலை என்றே இருக்கிறது. தொட்டி படுத்த நிலையில் இருக்கிறது. மாதிரியில் தொட்டி நீரை மேலிருந்து கீழாக 10 அடுக்குகளாகப் பிரித்திருக்கிறேன்.

மீனா_வெப்பவியல்

நல்லது, கலெக்டர் பக்கம் சுத்தம். இனி தொட்டியும் டைம் ஸ்டெப்பும்.

உங்கள் கலெக்டர் பம்ப் சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.015 கிலோ தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 சதுர மீட்டருக்கு நொடிக்கு 0.6 கிலோ, மணிக்கு 2160 லிட்டர். தொட்டியின் ஓர் அடுக்கு 300 லிட்டர். அதாவது ஒரே ஸ்டெப்பில் ஏழு அடுக்கு நீர் கலெக்டருக்குள் போய்த் திரும்பி வந்துவிடுகிறது. தொட்டி டைப் உள்ளுக்குள் சின்னச் சின்ன ஸ்டெப்பாகப் பிரித்துக் கணக்குப் போட்டாலும், கலெக்டருக்குத் தெரிவது அந்த மணி நேரத்தின் ஒரே ஒரு சராசரி வெப்பநிலைதான். காலையில் அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் எப்போது தீர்ந்தது, எப்போது வெதுவெதுப்பான நீர் நுழையத் தொடங்கியது என்பது கணக்கிலேயே வராது.

ஒரு நிமிட ஸ்டெப் வைத்தால் ஒரு ஸ்டெப்புக்கு 36 லிட்டர். அங்கே மாதிரி நியாயமாக நடக்கும். வானிலைக் கோப்பு மணிக்கணக்கில் இருந்தாலும் பரவாயில்லை. வானிலை மெதுவாக மாறலாம், பம்ப் மெதுவாக மாறாது.

அடுக்குகளின் எண்ணிக்கையும் ஒரு பௌதிகத் தேர்வுதான். ஒவ்வோர் அடுக்கும் தனக்குள் முழுதாகக் கலந்திருக்கிறது என்று மாதிரி எடுத்துக்கொள்வதால், அடுக்கு குறைந்தால் கலப்பு கூடும். அதற்காக 50 அடுக்கு வைத்தால் உண்மைக்கு நெருங்கிவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. உயரமான, ஒல்லியான, நுழைவாயில் நன்றாக அமைந்த தொட்டியில் அடுக்குகள் நிற்கும். நம் மொட்டை மாடிகளில் படுத்துக் கிடக்கும் உருளைத் தொட்டியில் உயரம் ஒரு மீட்டர் சொச்சம்தான். உள்ளே வரும் நீரே அதைக் கலக்கிவிடும். உங்களுக்கு 3 முதல் 5 அடுக்கு போதும். இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், விடை எவ்வளவு அசைகிறது என்று தெரிய வேண்டும்.

கன்ட்ரோலரையும் சொல்லிவிடுகிறேன். கலெக்டர் தொட்டியைவிட 8 டிகிரி சூடானால் பம்ப் ஓடும், வித்தியாசம் 2 டிகிரிக்கு இறங்கினால் நிற்கும் என்று வைப்பது வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நின்ற நீரில் 8 டிகிரி வித்தியாசத்தைத் தாங்கும் வெயில் என்றால், பயனுள்ள வெப்பம் 40 பெருக்கல் 4 பெருக்கல் 8, கிட்டத்தட்ட 1280 வாட். அதை நொடிக்கு 0.6 கிலோ நீர் எடுத்துக்கொண்டால் நீர் அரை டிகிரிதான் ஏறும். அரை டிகிரி என்பது 2-ஐவிடக் குறைவு, எனவே பம்ப் நின்றுவிடும். காலையில் இப்படி ஓடி, நின்று, ஓடி, நின்றுதான் நாள் தொடங்கும். நிஜத்திலும் அப்படித்தான். ஒரு மணி ஸ்டெப்பில் இது "முழு மணி நேரமும் ஓடியது" அல்லது "முழு மணி நேரமும் நின்றது" என்று ஆகிவிடும். போதாததற்கு, டிரான்சிஸ் ஒரே ஸ்டெப்புக்குள் எல்லாப் பகுதிகளையும் மாறி மாறி அழைத்து விடை ஒன்றுபடும்வரை சுற்றுவதால், கன்ட்ரோலர் முடிவில்லாமல் துள்ளும். அதனால்தான் டைப் 2-இல் இத்தனை சுற்றுக்குப் பிறகு நிலையை உறையவை என்று ஓர் எண் கேட்கிறார்கள். அது ஒற்றைப்படை எண்ணாக இருப்பது நல்லது. பதிவுக் கோப்பில் ஒன்றுபடவில்லை என்ற எச்சரிக்கைகள் எத்தனை வருகின்றன என்று பாருங்கள்.

நிலா_எம்இ

நானும் இதே திண்டாட்டத்தில் இருப்பதால் கேட்கிறேன். கதிரவன் அண்ணா, வானிலைக் கோப்பு எங்கே எடுத்தது? செயற்கைக்கோள் தரவு என்றால் நேரத்தைக் கவனித்தீர்களா? என் மாதிரியில் சூரியன் உதித்த உடனே நேரடிக் கதிர்வீச்சு நம்ப முடியாத அளவுக்கு எகிறியது.

மீனா_வெப்பவியல்

நிலா கேட்டது முக்கியமான கேள்வி. நம் நேர மண்டலம் அரை மணி நேரத்தில் முடிகிறது, ஐந்தரை. பல தரவுகள் உலகப் பொது நேரத்தின் முழு மணிகளில் வருகின்றன. அதை அப்படியே இந்திய நேரத்துக்கு நகர்த்தும்போது அரை மணி பிசகினால், மென்பொருள் கணக்கிடும் சூரிய உயரத்துக்கும் கோப்பில் உள்ள கதிர்வீச்சுக்கும் பொருத்தம் போய்விடும். சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது கோப்பில் அரை மணி கழித்து வர வேண்டிய வெளிச்சம் இருந்தால், அதை நேரடிக் கதிர்வீச்சாகப் பிரிக்கும் சூத்திரம் ஒரு மிகச்சிறிய எண்ணால் வகுக்கும். அதுதான் நீங்கள் பார்த்த எகிறல்.

கோவைக்கு இன்னொன்று. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, கோவை 77-இல் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 22 நிமிடப் பின்னடைவு. இதை வானிலைப் பகுதியில் கொடுத்துவிட்டால் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். சரிபார்க்க எளிய வழி: மேகமில்லாத ஒரு நாளை எடுத்து, கதிர்வீச்சின் உச்சி சூரிய நண்பகலில் விழுகிறதா என்று பாருங்கள்.

திசை எண்ணும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். டிரான்சிஸில் தெற்கு என்றால் 0, மேற்கு என்றால் 90. எனர்ஜிபிளஸ், சாம் (SAM) என்ற வேறு இரண்டு சிமுலேஷன் மென்பொருள்களிலும் தெற்கு என்றால் 180. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணை நகலெடுத்தால் கலெக்டர் வடக்கே திரும்பிவிடும். நம் அட்சரேகையில் அது சட்டென்று கண்ணில் படாது என்பதுதான் ஆபத்து. கோவை 11 டிகிரி வடக்கு. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 23 வாக்கு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் தவறான திசைக் கலெக்டரும் நன்றாகவே வேலை செய்வதுபோல் காட்டும். டிசம்பரைப் பார்த்தால்தான் பிடிபடும்.

தரையில் அளந்த தரவு வேண்டும் என்றால், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் நாடு முழுக்க சூரியக் கதிர்வீச்சு நிலையங்களை நடத்துகிறது. முதற்கட்டத்தில் மட்டும் 51 நிலையங்கள். பக்கத்து நிலையத்தோடு உங்கள் கோப்பின் மாதச் சராசரியை ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

செல்வம்_பிளம்பிங்

எனக்கு இந்த மென்பொருள் தெரியாது. இருபது வருடமாக மாடியில் பைப் போடுகிறவன். கதிரவன் தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்த ஹீட்டர் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடுகிறதா? அந்த நேரத்தில் பிள்ளைகள் யாரும் குளிக்க மாட்டார்கள் அல்லவா?

இன்னொன்று. மூன்று மாடியிலும் குழாயைத் திறந்த உடனே வெந்நீர் வருகிறதா, கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டுமா?

கதிரவன்_கோவை

அண்ணா, மீட்டரின் 15 நிமிடப் பதிவை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஹீட்டர் இரவு முழுக்க ஓடுகிறது. பத்து மணிக்கு மேல் நீர் எடுப்பே இல்லை, ஆனாலும் ஓடுகிறது. குழாயைத் திறந்த உடனே வெந்நீர் வருகிறது என்று வார்டன் சொல்கிறார்.

செல்வம்_பிளம்பிங்

அப்படியென்றால் ரிட்டர்ன் லைன் இருக்கிறது. மாடிகளைச் சுற்றி வந்து திரும்பும் லைன், அதில் ஒரு சின்னப் பம்ப். உங்கள் வரைபடத்தில் அது இருக்காது, பெரும்பாலும் பிறகு சேர்த்திருப்பார்கள். அந்த ரிட்டர்ன் எந்தத் தொட்டியில் விழுகிறது என்று போய்ப் பாருங்கள். ஹீட்டர் தொட்டியில் விழுந்தால் ஒரு கதை, சூரியத் தொட்டியின் குளிர்நீர் லைனில் விழுந்தால் வேறு கதை. இரண்டாவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் இணைக்கச் சுலபம்.

கதிரவன்_கோவை

மாடிக்குப் போய் வந்தேன். செல்வம் அண்ணா சொன்னது அப்படியே இருக்கிறது. ரிட்டர்ன் லைன் சூரியத் தொட்டியின் குளிர்நீர் நுழைவில் சேர்கிறது. போக, வர சுமார் 180 மீட்டர் பைப். பம்ப் நிமிடத்துக்கு 10 லிட்டர் அளவு, 24 மணி நேரமும் ஓடுகிறது. பைப்பில் மெல்லிய நுரை இன்சுலேஷன், சில இடங்களில் வெயிலில் காய்ந்து உதிர்ந்திருக்கிறது. நிறுவியவர்கள் கொடுத்த வரைபடத்தில் இந்த லைன் இல்லை.

மீனா_வெப்பவியல்

செல்வம் சார், உங்கள் இரண்டு மணிக் கேள்விக்கு ஈடான ஒரு கேள்வியை நான் இதுவரை கேட்கவில்லை. இப்போது கணக்கைப் பார்ப்போம்.

28 மில்லிமீட்டர் பைப், அதன்மேல் 13 மில்லிமீட்டர் நுரை. மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 0.3 வாட் போகும். உள்ளே 50, வெளியே 25 என்றால் மீட்டருக்கு 7.5 வாட். 180 மீட்டருக்கு 1350 வாட். 24 மணி நேரத்துக்கு 32 யூனிட். பிள்ளைகள் குளிக்கும் வெப்பமே 87 யூனிட்தான்! நுரை உதிர்ந்த இடத்தில் இழப்பு மூன்று, நான்கு மடங்கு ஆகும்.

இது பாதிதான். மீதி இன்னும் மோசம். ரிட்டர்ன் சூரியத் தொட்டிக்குப் போவதால், சூரியத் தொட்டியின் மேலிருந்து அதே அளவு நீர் ஹீட்டர் தொட்டிக்கு வருகிறது. இரவில் சூரியத் தொட்டி 45 டிகிரியில் இருந்தால், ஹீட்டர் அதை 50 ஆக்கி மாடிகளைச் சுற்றவிட்டு, 48 ஆகத் திரும்ப சூரியத் தொட்டிக்குள்ளேயே விடுகிறது. மின்சாரத்தால் சூரியத் தொட்டியைச் சூடேற்றுகிறார்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் நாளைக்கு 14,400 லிட்டர், தொட்டியின் கொள்ளளவைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. தொட்டி முழுக்கக் கலந்து, விடியும்போது அடியிலும் வெந்நீர். அந்த வெந்நீர்தான் கலெக்டருக்குப் போகிறது. கலெக்டர் சூடாகவே தொடங்குவதால் அதன் திறனும் விழுகிறது. வெயில் வரும்போது அது நிரப்ப இடமே இல்லை.

நீங்கள் கலெக்டர் குணகத்தைக் கூட்டியிருந்தால் இதெல்லாம் அந்த ஓர் எண்ணுக்குள் புதைந்து போயிருக்கும். பழி நல்ல கலெக்டர்மேல் விழுந்திருக்கும்.

ஒரு நிமிட ஸ்டெப், நான்கு அடுக்கு, சுற்று லைனுக்கு டைப் 31 பைப், பம்ப், ரிட்டர்ன் இணைப்பு. இப்போது ஓட்டுங்கள்.

கல்கரி_இளங்கோ

இழையை ஆர்வத்தோடு படித்துக்கொண்டிருக்கிறேன். கனடாவின் ஆல்பர்ட்டாவில், ஓகோடோக்ஸ் ஊரில் இருந்த டிரேக் லேண்டிங் திட்டத்தைப் பற்றி இங்கே சொல்வது பொருந்தும். டிரான்சிஸ் சிமுலேஷனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச்சிறந்த சாட்சி அது.

52 வீடுகள். வாகனக் கொட்டகைக் கூரைகளில் 798 தட்டைக் கலெக்டர்கள், சுமார் 2293 சதுர மீட்டர். கோடையின் வெப்பத்தை 35 மீட்டர் ஆழமுள்ள 144 துளைகள் வழியே மண்ணுக்குள் செலுத்தி, குளிர்காலத்தில் எடுத்து வீடுகளைச் சூடாக்கினார்கள். குளிர்காலத்தில் மைனஸ் 30-ஐத் தொடும் ஊர் இது. 2007-இல் இயங்கத் தொடங்கியது.

மண் ஒரே கோடையில் சூடாகாது. முதல் ஆண்டில் வீடுகளைச் சூடாக்கத் தேவையான வெப்பத்தில் வெயிலின் பங்கு 55 விழுக்காடுதான். அதைப் பார்த்து மாதிரி பொய் என்று யாரும் முடிவு கட்டவில்லை, ஏனென்றால் ஐந்தாம் ஆண்டில் 90 விழுக்காட்டைத் தாண்டும் என்று சிமுலேஷன் ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஐந்தாம் ஆண்டில் 97 விழுக்காடு வந்தது. பிறகு ஓர் ஆண்டில் 100-ஐயே தொட்டது. பாகங்கள் வயதாகிவிட்டதால் 2024-இல் திட்டத்தை மூடினார்கள்.

அங்கே மாதிரி ஏன் பொருந்தியது என்று யோசித்தால் மீனா அவர்கள் சொல்வதுதான் எனக்கும் படுகிறது. வடிவமைத்தவர்களே பைப்பையும் பம்பையும் கன்ட்ரோலரையும் மாதிரிக்குள் வைத்தார்கள், ஒவ்வொரு சுற்றிலும் அளவுக் கருவி வைத்தார்கள், வித்தியாசம் வந்தால் எந்தச் சுற்றில் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. கதிரவனுக்கு இருப்பது ஒரு மின் மீட்டர் மட்டும். அந்த ஒன்றில் 15 நிமிடப் பதிவு இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஒரு கேள்வி: விடுதி மாதிரியை ஓர் ஆண்டு ஓட்டினால் போதுமா?

மீனா_வெப்பவியல்

போதும் இளங்கோ. 3000 லிட்டர் தொட்டி இரண்டு மூன்று நாளில் தன் தொடக்க வெப்பநிலையை மறந்துவிடும். மண்ணில் சேமிப்பதென்றால்தான் பல ஆண்டுகள் தொடர்ந்து ஓட்ட வேண்டும்.

கதிரவன்_கோவை

ஓட்டிவிட்டேன். ஸ்டெப்பையும் அடுக்கையும் மட்டும் மாற்றியபோது ஹீட்டர் 17-லிருந்து 20-க்கு வந்தது. சுற்று லைனைச் சேர்த்து ரிட்டர்னை இருப்பதுபோலவே இணைத்ததும் 55-க்குத் தாவியது. இரவு ஹீட்டர் ஓடும் வடிவமும் மீட்டர் பதிவோடு ஒத்துப்போகிறது. இன்னும் ஐந்து யூனிட் வித்தியாசம் இருக்கிறது. இதற்காவது குணகத்தைச் சற்றுத் திருகலாமா?

மீனா_வெப்பவியல்

வேண்டாம், அந்த ஐந்து யூனிட்டை அப்படியே அறிக்கையில் எழுதுங்கள். அதற்கான காரணங்களாக நாம் ஏற்கெனவே அறிந்தவை போதும். உதிர்ந்த இன்சுலேஷன் ஒன்று. நீங்கள் ஓட்டியது பல ஆண்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்து ஒட்டிய மாதிரி ஆண்டு, மீட்டர் ஓடியது நிஜ ஆண்டு, இது இன்னொன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று மூன்றாவது. கண்ணாடி மூடிய கலெக்டரைக் காற்று அவ்வளவாகப் பாதிக்காது, ஆனால் திறந்த மாடியில் கிடக்கும் பைப்பில் நுரை உதிர்ந்த இடங்களை நன்றாகவே பாதிக்கும். மாதிரியில் அந்தப் பைப்புக்கு ஆண்டு முழுக்க ஒரே இழப்புக் குணகம்தானே கொடுத்திருப்பீர்கள்?

குளிர்நீர் வெப்பநிலையையும் பாருங்கள். எனர்ஜிபிளஸ் போன்ற மென்பொருள்கள் குளிர்நீருக்குத் தரும் சூத்திரம் அமெரிக்காவில் மண்ணுக்கடியில் வரும் குடிநீர்க் குழாய்களை வைத்து உருவானது. நமக்கு நீர் வருவது மாடியில் வெயிலில் நிற்கும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து. மாலையில் அது வெதுவெதுப்பு, விடிகாலையில் குளிர்ச்சி. பிள்ளைகள் குளிப்பதோ விடிகாலையில். 25 டிகிரி என்ற ஒரே எண் டிசம்பர் ஐந்து மணிக்குப் பொருந்தாது. நான்கு டிகிரி குறைந்தால் 3000 லிட்டருக்கு 14 யூனிட் கூடுதலாக வேண்டும். ஆக, ஐந்து யூனிட் வித்தியாசம் என்பது நீங்கள் அளக்காத விஷயங்களின் எல்லைக்குள்தான் இருக்கிறது.

கட்டடங்களின் மாதிரிக்கு ஆஷ்ரே (அமெரிக்க வெப்ப, குளிர்பதனப் பொறியாளர் சங்கம்) வழிகாட்டி 14 ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: மாதக் கணக்கில், மாதிரி ஒரே பக்கமாகக் கூட்டியோ குறைத்தோ காட்டும் சாய்வு 5 விழுக்காட்டுக்குள், மாதத்துக்கு மாதம் விலகும் சிதறல் 15 விழுக்காட்டுக்குள். அதை மாத வாரியாகப் போட்டுப் பாருங்கள். ஆண்டு மொத்தத்தில் பொருந்தி மாதங்களில் பொருந்தாத மாதிரியை நான் நம்ப மாட்டேன்.

நிலா_எம்இ

அக்கா, என் கேள்வியும் இங்கேயே. வீடுகளில் இருக்கும் 200 லிட்டர் கண்ணாடிக் குழாய் ஹீட்டர், பம்ப் இல்லாதது. குழாய்க்குள்ளேயே நீர் இருக்கும் வகை. இதற்கு டிரான்சிஸில் எந்த டைப்?

மீனா_வெப்பவியல்

நேரான பதில் இல்லை நிலா. பம்ப் இல்லாமல் தானே சுற்றும் அமைப்புக்கு டைப் 45 இருக்கிறது, ஆனால் அது தட்டைக் கலெக்டரை மனதில் வைத்தது. நீர் ஏறும் குழாய், இறங்கும் குழாய் என்று தனித்தனியே எடுத்துக்கொள்ளும். உங்கள் கண்ணாடிக் குழாயில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே வாய் வழியே, சூடான நீர் மேல் ஓரமாகவும் குளிர்ந்த நீர் கீழ் ஓரமாகவும் எதிரெதிரே ஓடும். ஓட்டத்தின் வேகம் வெயிலையும் சாய்வையும் தொட்டி வெப்பநிலையையும் பொறுத்து மாறும். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மாரிசனும் புதிஹார்ஜோவும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள், அதைத் தேடிப் படியுங்கள். ஆய்வேட்டுக்கு அந்த அளவு நுணுக்கம் தேவையில்லை என்றால், ஐஎஸ்ஓ 9459 முறையில் முழு அமைப்பையும் ஒரே பொருளாகச் சோதித்து, அந்தக் கெழுக்களை வைத்து ஆண்டுக் கணக்குப் போடுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, ஆனால் விடை நேர்மையாக இருக்கும்.

வட்டக் குழாய்களுக்குச் சாய்கோணத் திருத்தம், அதாவது வெயில் சாய்ந்து விழும்போது செய்யும் திருத்தம், இரண்டு திசைக்கும் தனித்தனி என்பதை மறக்காதீர்கள். குறுக்குத் திசையில் அது ஒன்றைவிடக் கூடுதலாகவும் வரும். தட்டைக் கலெக்டரின் ஒற்றைச் சூத்திரத்தை அங்கே போட்டால் காலை, மாலை வெப்பம் குறைந்து காட்டும்.

செல்வம்_பிளம்பிங்

தங்கச்சி, அந்தக் குழாய் ஹீட்டரில் போர் தண்ணீர் ஓடினால் உப்புப் படிவதையும் உங்கள் கணக்கில் எங்காவது வையுங்கள். இரண்டு வருடம் ஓடிய குழாயைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்.

கதிரவன் தம்பி, ரிட்டர்னை ஹீட்டர் தொட்டிக்கு மாற்றுவது அரை நாள் வேலை. நீர் எதிர்த்திசையில் திரும்பாமல் தடுக்கும் ஒரு என்ஆர்வி வால்வும் போட வேண்டும். சுற்றுப் பம்புக்கு டைமர் போடலாமா என்று உங்கள் மென்பொருள் சொல்லட்டும்.

கதிரவன்_கோவை

ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. ரிட்டர்னை ஹீட்டர் தொட்டிக்கு மாற்றி, காலை 5 முதல் 8, மாலை 6 முதல் 8 மட்டும் சுற்றவிட்டால் ஹீட்டர் 30 யூனிட்டுக்குக் கீழே வருகிறது. கலெக்டர் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மீனா_வெப்பவியல்

நம்பும்படியான எண்தான். ஐந்து மணி நேர இழப்பு 7 யூனிட். பம்ப் நிற்கும் ஒவ்வொரு முறையும் பைப்பில் இருக்கும் சுமார் 100 லிட்டர் ஆறிப்போவதால் இன்னும் 3 யூனிட் வீதம். அதையும் டைப் 31 கணக்கில் எடுத்திருக்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. வெந்நீர்த் தொட்டியில் லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்க 60 டிகிரியில் வைக்க வேண்டும் என்பது பொதுவான சுகாதார வழிகாட்டுதல். 50 போதும் என்ற அனுமானத்தோடு அறிக்கையை முடிக்காதீர்கள். ஹீட்டர் தொட்டியை 60-இல் வைத்து இன்னொரு முறை ஓட்டி, அந்த எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். முடிவை நிர்வாகம் எடுக்கட்டும்.

கதிரவன்_கோவை

60 டிகிரிக்கு ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுக்கிறேன். செமஸ்டர் விடுமுறையில் ரிட்டர்னை மாற்ற வார்டன் ஒத்துக்கொண்டார். அதற்கு முன் வேறு ஏதாவது அளக்க வேண்டுமா?

மீனா_வெப்பவியல்

ஆமாம். ரிட்டர்ன் லைனில் ஒரு ஃப்ளோ மீட்டர், போகும் இடத்திலும் வரும் இடத்திலும் வெப்பநிலை சென்சார். நாம் எதிர்பார்க்கும் வித்தியாசமே 2 டிகிரிதான். ஆளுக்கு அரை டிகிரி பிசகும் இரண்டு சென்சாரை வைத்தால் பாதி விடை தவறாகிவிடும். ஜோடியாகச் சரிபார்த்த சென்சார்களையே வாங்குங்கள், அல்லது இரண்டையும் ஒரே வாளி நீரில் போட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு வாரம், மாற்றிய பின் ஒரு வாரம் பதிவு இருக்கட்டும். மாடியில் கலெக்டர் சாய்விலேயே ஒரு கதிர்வீச்சுமானி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அந்த இரண்டு வாரத்தையும் நிஜ வெயிலோடு ஓட்டிவிடலாம்.